100 பங்கு இருந்தால் கப்பலில் 100 டாலர்: சொகுசுக் கப்பல் பங்குதாரர் சலுகை எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் அடிக்கடி சொகுசுக் கப்பலில் போகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களில் சிலர் அந்தக் கப்பல் நிறுவனத்தின் பங்குகளையும் கையில் வைத்திருப்பது தெரியவரும். அதுவும் பெரும்பாலும் சரியாக 100 பங்கு. 99 இருந்தால் பயனில்லை, 500 இருந்தால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. 100 பங்கு வைத்திருப்பவர் அந்த நிறுவனத்தின் கப்பலில் ஏறும்போதெல்லாம், கப்பலுக்குள் செலவழிக்க 50 முதல் 250 டாலர் வரை அவர் கணக்கில் வரவு வைக்கிறார்கள். லாபத்திலிருந்து பங்குக்கு வரும் டிவிடெண்ட் வேறு, இது வேறு. பங்குதாரர் என்பதற்காகத் தரும் தனிச் சலுகை இது.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கப்பல் நிறுவனங்களில் மூன்று இதைத் தருகின்றன: கார்னிவல் கார்ப்பரேஷன், ராயல் கரீபியன் குரூப், நார்வீஜியன் குரூஸ் லைன் ஹோல்டிங்ஸ். மூன்றுக்கும் குறைந்தபட்சம் 100 பங்கு வேண்டும். தொகை பயணத்தின் நீளத்தைப் பொறுத்தது.

கார்னிவலில் 6 நாள் அல்லது அதற்குக் குறைந்த பயணத்துக்கு 50 டாலர், 7 முதல் 13 நாள் வரை 100, 14 நாளும் அதற்கு மேலும் 250. ராயல் கரீபியனில் 5 இரவு வரை 50, 6 முதல் 9 இரவு வரை 100, 10 முதல் 13 வரை 200, 14 இரவிலிருந்து 250. நார்வீஜியனில் 6 நாள் வரை 50, 7 முதல் 14 நாள் வரை 100, 15 நாளிலிருந்து 250.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் எல்லைக்கோடு விழும் இடம் மாறுகிறது. 14 நாள் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கார்னிவலில் அதற்கு 250 டாலர், நார்வீஜியனில் 100தான், ஏனென்றால் அங்கே 250க்கு 15 நாள் ஆக வேண்டும். 6 நாள் பயணத்துக்கு ராயல் கரீபியன் 100 தரும், கார்னிவல் 50 தரும். நீண்ட பயணம் பதிவு செய்பவர்கள் இந்த ஒரு நாள் வித்தியாசத்தைக் கவனித்துத் தேதியைத் தேர்ந்தெடுத்தால் 150 டாலர் மிச்சம்.

ஒரு பங்கில் எத்தனை கப்பல்கள் அடங்குகின்றன என்பது பலருக்கும் தெரியாத விஷயம். கார்னிவல் என்றால் மியாமியிலிருந்து பஹாமாஸ் போகும் கொண்டாட்டக் கப்பல்கள் மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, சீபோர்ன், குனார்டு, இங்கிலாந்தின் பி அண்ட் ஓ குரூசஸ், இத்தாலியின் கோஸ்டா, ஜெர்மனியின் ஐடா எல்லாமே கார்னிவல் குடும்பம்தான். அட்லாண்டிக்கைக் கடக்கும் குயின் மேரி 2 குனார்டின் கப்பல், எனவே அதுவும் இந்தக் கணக்கில் வரும். சௌத்தாம்ப்டனிலிருந்து பி அண்ட் ஓ கப்பலில் போகிறவருக்கு டாலருக்குப் பதில் பவுண்டில் வரவு வைப்பார்கள்: 30, 60, 150. ஐரோப்பியக் கப்பல்களில் யூரோவில் 40, 75, 200. ராயல் கரீபியன் பங்குக்கு அதன் சொந்தப் பெயரில் ஓடும் கப்பல்களோடு செலிப்ரிட்டியும் சில்வர்சீயும் உண்டு. நார்வீஜியன் பங்குக்கு ஓஷியானியா, ரீஜென்ட் செவன் சீஸ் இரண்டும் சேரும்.

இன்னொரு பெரிய கப்பல் நிறுவனமான எம்எஸ்சி இந்தப் பட்டியலில் இல்லை. அது ஜெனீவாவில் அப்பொன்டே குடும்பத்தின் தனிச் சொத்து, அதன் பங்கைச் சந்தையில் வாங்க முடியாது. டிஸ்னியின் பங்கை வாங்கலாம், ஆனால் டிஸ்னி கப்பலில் பங்குதாரருக்கு என்று இதுபோல எதுவும் இல்லை.

சரி, இந்த வரவை வைத்து என்ன செய்யலாம்? சொகுசுக் கப்பலில் யாரும் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. கேபின் கதவைத் திறக்கும் அட்டைதான் பணப்பை. காபி வாங்கினாலும் மசாஜுக்குப் போனாலும் அந்த அட்டையைக் காட்டினால் போதும், தொகை கேபின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் மொத்தத்தையும் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பங்குதாரர் சலுகை இந்தக் கேபின் கணக்கில் ஏறும் வரவுதான். ஆன்போர்டு கிரெடிட் என்று அதற்குப் பெயர். பயணக் கட்டணத்தில் இதைக் கழிக்க முடியாது, கப்பலுக்குள் ஆகும் செலவில்தான் கழியும். மதுபானம், தனிக் கட்டண உணவகம், வைஃபை, புகைப்படம், துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்க்க கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலா என்று இவற்றுக்கெல்லாம் பயன்படும்.

கார்னிவலின் விதிப்படி சூதாட்டக் கூடத்துக்கும், கணக்கில் தினமும் ஏறும் பணியாளர் டிப்ஸுக்கும் இதைப் பயன்படுத்த முடியாது. டிப்ஸ் விஷயத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய கப்பல்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் என்று தானாகவே கணக்கில் ஏறும். கணவன் மனைவி இருவர் ஒரு வாரம் போனால் அதுவே 220 டாலரைத் தாண்டிவிடும். குடிக்காத, மசாஜுக்குப் போகாத, கப்பலில் தரும் இலவசச் சாப்பாடே போதும் என்கிற தம்பதிக்குக் கப்பலில் ஆகும் பெரிய செலவே இந்த டிப்ஸ்தான். சலுகை அதற்கே உதவாது என்றால், அவர்களைப் பொறுத்தவரை 100 டாலரின் உண்மையான மதிப்பு 100 டாலர் இல்லை. கடைசி இரவு மீதமிருக்கும் வரவைத் தீர்ப்பதற்காகக் கப்பல் கடையில் தேவையில்லாத பையும் தொப்பியும் வாங்குகிறவர்கள் உண்டு. மிச்சம் இருந்தால் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள், அடுத்த பயணத்துக்கும் போகாது.

சலுகை கேபினுக்கு ஒன்று. கணவனிடம் 100, மனைவியிடம் 100 பங்கு இருந்தும் இருவரும் ஒரே கேபினில் போனால் ஒரு வரவுதான். பெற்றோரை அழைத்துக்கொண்டு இரண்டு கேபின் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்குதாரர் தங்கினால் இரண்டு வரவு. பங்கு வைத்திருப்பவர் அந்தக் கேபினில் பயணம் செய்ய வேண்டும் என்பது முக்கியம். அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் பங்கைக் காட்டி, தான் வராமல் அப்பா அம்மாவுக்குச் சலுகை வாங்கித் தர முடியாது. சலுகையை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது.

விண்ணப்பிப்பது சிரமமில்லை, ஆனால் நாம்தான் கேட்க வேண்டும். பங்கு வைத்திருப்பது கப்பல் நிறுவனத்துக்குத் தானாகத் தெரியாது, ஏனென்றால் பங்குகள் புரோக்கர் நிறுவனத்தின் வழியாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் தபாலிலும் ஃபேக்ஸிலும் அனுப்பினார்கள். இப்போது கார்னிவல் ஸ்டாக்பெர்க்ஸ் என்ற செயலி மூலம் பங்கு இருப்பைச் சரிபார்க்கிறது. பொதுவாக எல்லா நிறுவனங்களுக்கும் தேவைப்படுவது இவைதான்: பெயரும் பங்கு எண்ணிக்கையும் தெரியும்படி அண்மைய புரோக்கர் கணக்கு அறிக்கை அல்லது அதற்கு ஈடான சான்று, கப்பல் பெயர், புறப்படும் தேதி, பதிவு எண். அறிக்கையை நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தால், கணக்கு எண்ணையும் மற்ற முதலீட்டு விவரங்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். உங்களிடம் வேறு என்னென்ன பங்கு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தேவையில்லை. புறப்படுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கப்பலில் ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் போய்க் கேட்டால் எதுவும் நடக்காது.

கப்பல் பங்குகள் அடங்கிய இடிஎஃப் (பல பங்குகளைத் தொகுத்துச் சந்தையில் விற்கும் நிதி), மியூச்சுவல் ஃபண்டு இவை செல்லாது. 99.6 பங்கு என்று பின்னத்தில் வைத்திருந்தாலும் செல்லாது. பயண முகவர்கள், நிறுவன ஊழியர்கள் என்று ஏற்கெனவே குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ போகிறவர்களுக்கும் கிடையாது. வேறு சில தள்ளுபடிகளோடு சேர்த்துத் தர மறுப்பதும் உண்டு, எனவே பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பங்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 100 பங்குக்கு 2,500 டாலர். வருடத்துக்கு ஒரு 7 நாள் பயணம் போனால் 100 டாலர் வரவு, அதாவது போட்ட பணத்தில் 4 சதவீதம். இரண்டு முறை போனால் 8 சதவீதம். 14 நாள் பயணம் ஒன்று போனால் 10 சதவீதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு பங்கு 300 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 100 பங்குக்கு 30,000 டாலர் போட வேண்டும், அதே 7 நாள் பயணத்துக்கு அதே 100 டாலர்தான் கிடைக்கும். 0.33 சதவீதம். இது கற்பனை விலை இல்லை. 2025இல் ராயல் கரீபியன் 300 டாலரைத் தாண்டியது, கார்னிவலோ 30ஐ ஒட்டி நின்றது. சலுகை பங்கின் விலையைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. ஆகவே விலை குறைந்த பங்கில்தான் சலுகை பெரிதாகத் தெரியும். விலை குறைவாக இருப்பதற்குப் பின்னால் ஏதாவது காரணமும் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தக் காரணம் எப்படிப்பட்டதாக இருக்கலாம் என்பதற்கு 2020ஐப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரின்சஸ் நிறுவனத்தின் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் யோகோகாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் இருந்த சுமார் 3,700 பேரில் 700க்கும் அதிகமானவர்களுக்குக் கோவிட் தொற்றியது. மார்ச் மாதத்தில் உலகெங்கும் சொகுசுக் கப்பல்கள் நின்றுபோயின. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பெரிய கப்பல்கள் மீண்டும் பயணிகளோடு புறப்பட 2021 ஜூன் ஆனது. ஒரு வருடத்துக்கு மேல் வருமானம் இல்லை, ஆனால் கப்பல்களைப் பராமரித்தே ஆக வேண்டும், கடனுக்கு வட்டியும் கட்டியாக வேண்டும்.

2020 ஜனவரியில் கார்னிவல் பங்கு சுமார் 50 டாலர். ஏப்ரல் தொடக்கத்தில் நிறுவனம் தானே புதுப் பங்குகளை 8 டாலருக்கு விற்றுப் பணம் திரட்டியது. கூடவே 11.5 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரமும் வெளியிட்டது. அந்தளவு வட்டி கொடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்ற நிலை. ஜனவரியில் சலுகைக்காக 100 பங்கு வாங்கியவர் போட்டது 5,000 டாலர், மூன்று மாதத்தில் அது 800 டாலர். கரைந்துபோன 4,200 டாலரைச் சலுகையால் மீட்க வேண்டுமென்றால் 42 முறை ஒரு வாரப் பயணம் போக வேண்டும். டிவிடெண்டையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் புதிதாகப் பங்கு வாங்குகிறவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி. கப்பல்கள் மீண்டும் ஓடின, கூட்டமும் முன்பைவிட அதிகமாக வந்தது. ஆனால் மூன்று பங்குகளும் ஒரே மாதிரி எழவில்லை. பெருந்தொற்றுக்கு முன் 130 டாலர் அளவில் இருந்த ராயல் கரீபியன், 20ஐத் தொட்டுவிட்டு, பிறகு பழைய விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. பெருந்தொற்றுக்கு முன் 60க்குச் சற்றுக் கீழே இருந்த நார்வீஜியன், 2025இலும் அதில் பாதியைச் சுற்றியோ அதற்குக் கீழோதான் கிடந்தது. கார்னிவல் இரண்டுக்கும் நடுவில். உயிர் பிழைப்பதற்காக அது புதுப் புதுப் பங்குகளை வெளியிட்டதில், 70 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த மொத்தப் பங்கு எண்ணிக்கை 120 கோடியைத் தாண்டிவிட்டது. கடன் ஒரு கட்டத்தில் 3,500 கோடி டாலருக்கும் மேல் போனது. லாபம் பழைய அளவுக்குத் திரும்பினாலும் அதை இப்போது அதிகப் பங்குகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் மூன்றும் தந்த சலுகை கிட்டத்தட்ட ஒன்றுதான். 100 பங்கு, ஒரு வாரத்துக்கு 100 டாலர். சலுகையைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை புதுக் கப்பல் வாங்குகிறார்கள், கேபின்கள் நிறைகின்றனவா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். என் கருத்தைக் கேட்டால், சலுகையே இல்லாவிட்டாலும் இந்தப் பங்கை வாங்குவேனா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் 80 வாங்க நினைத்ததை 100 ஆக்கிக்கொள்வதில் தப்பில்லை. இல்லை என்றால் 100 டாலருக்காக இறங்க வேண்டாம்.

"பயணத்துக்குச் சற்று முன் வாங்கிவிட்டு, வந்ததும் விற்றுவிட்டால்?" என்று கேட்பவர்கள் நிறைய. விதி அதைத் தடுப்பதில்லை. இத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை, பயணத்தின்போது கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிலர் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் விண்ணப்பிக்க மூன்று வாரம், பயணம் ஒரு வாரம் என்று குறைந்தது ஒரு மாதமாவது பங்கு கையில் இருக்கும். 25 டாலர் பங்கு 1 டாலர் இறங்கினாலே 100 டாலர் போய்விட்டது. கப்பல் பங்குகள் ஒரே நாளில் 4 சதவீதம் ஏறுவதும் இறங்குவதும் சர்வ சாதாரணம். எரிபொருள் விலை, புயல், போர்ச் செய்தி, போட்டி நிறுவனத்தின் காலாண்டு முடிவு எது வந்தாலும் ஆடும். ஏறினால் லாபம்தான், ஆனால் அந்த லாபத்துக்கும் சலுகைக்கும் சம்பந்தமில்லை, அது சூதாட்டத்தில் வந்தது. குறுகிய கால லாபத்துக்கு வரி வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வது இதற்குப் பொருந்தும்.

நிறுவனங்கள் ஏன் இதைத் தருகின்றன? பெரிய செலவில்லாமல் நல்ல வாடிக்கையாளரைக் கட்டிப்போட முடிகிறது என்பதால்தான். 100 டாலர் வரவு என்றால் நிறுவனத்துக்கு 100 டாலர் செலவு இல்லை. கப்பலில் விற்கும் மதுவும் வைஃபையும் அடக்க விலையைவிடப் பல மடங்குக்கு விற்பவை. கார்னிவலின் மொத்த வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் கப்பல் உள்செலவுகளிலிருந்துதான் வருகிறது. வரவு இருக்கிறதே என்று தனிக் கட்டண உணவகத்துக்குப் போகும் தம்பதி, வரவு தீர்ந்த பிறகும் நிறுத்துவதில்லை. இன்னொரு பக்கம், 100 பங்கு வைத்திருப்பவர் அடுத்த விடுமுறைக்கும் அதே குடும்பத்தின் கப்பலைத்தான் முதலில் பார்ப்பார். விலை இறங்கினால் பதறி விற்கவும் தயங்குவார். அந்தத் தயக்கம் நிறுவனத்துக்கு நல்லது, அவருக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது.

பங்குதாரருக்குப் பொருளாகவும் சேவையாகவும் சலுகை தருவதில் ஜப்பானை மிஞ்ச ஆளில்லை. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அரிசி, உணவகக் கூப்பன், விமானப் பாதிக் கட்டணச் சீட்டு என்று அனுப்புகின்றன. கப்பல் நிறுவனமான நிப்பான் யூசென், அசுகா சொகுசுக் கப்பலில் 10 சதவீதத் தள்ளுபடிச் சீட்டைத் தன் பங்குதாரர்களுக்குத் தந்துவந்திருக்கிறது. அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் இதில் ஒரு பெரிய நன்மை தெரியும். தள்ளுபடி பயணக் கட்டணத்திலேயே கழிகிறது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பணம் மிச்சம்.

இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்கக் கப்பல் பங்கு வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஓர் ஆள் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதிலிருந்து பங்கு வாங்கலாம். 100 பங்குக்கு அந்த வரம்பு தாராளமாகப் போதும். வங்கி எடுக்கும் கட்டணம், டாலர் மாற்று விகிதத்தில் போகும் தொகை, விற்றுத் திரும்பக் கொண்டுவரும்போது மறுபடியும் அதே செலவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், முதல் பயணத்தின் சலுகையில் கணிசமான பகுதி அங்கேயே கரைந்துவிடும். வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இந்தப் பங்கைக் கட்டாயம் காட்ட வேண்டும். லாபம் வரவில்லை, விற்கவில்லை என்பதெல்லாம் காட்டாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. வாங்கும் முன் புரோக்கரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: உங்கள் பெயரும் முழுப் பங்கு எண்ணிக்கையும் இருக்கும் அறிக்கையைத் தருவார்களா? அது இல்லாமல் சலுகை கேட்க முடியாது.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கப்பலில் போகும் ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு, அதுவும் கப்பலில் வழக்கமாகவே செலவழிக்கிறவர்களுக்கு, இது உண்மையிலேயே நல்ல சலுகை. விலை குறைந்திருந்த காலத்தில் வாங்கிப் பத்து வருடமாக வைத்திருக்கும் ஒருவர், போட்ட பணத்தில் பெரும்பகுதியைச் சலுகையிலேயே திரும்ப எடுத்திருக்க முடியும். வாழ்நாளில் ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு போய்வர நினைக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பது 50 டாலர். அவர்கள் நல்ல தேதியில் குறைந்த கட்டணத்துக்குச் சீட்டு தேடினாலே அதைவிட அதிகம் மிச்சப்படுத்தலாம்.

சலுகை நிரந்தரமானது என்று எந்த நிறுவனமும் வாக்குக் கொடுக்கவில்லை. கார்னிவல் ஒவ்வொரு முறையும் ஒரு கெடு தேதி போட்டு அறிவித்து, பிறகு நீட்டித்து வருகிறது. அதனால் இரண்டு வருடம் கழித்துப் போகும் பயணத்துக்கு இப்போதே பதிவு செய்கிறவர்கள், சலுகையைச் சேர்க்காமல் செலவுத் திட்டம் போடுவது நல்லது. நீட்டித்த அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம்.